முன் துண்டில் இருந்த கிணறு

நானா மவுத்தாகிப் பதினோராம் நாள், அவருடைய தொலைபேசி முதன்முறையாக ஒரு காணிக்காக அடித்தது. கணவனை இழந்த மதினி இத்தாவில் அறைக்குள் இருந்தார். உம்மா அந்தத் தொலைபேசியைத் தொடவே மாட்டேன் என்றார். நான் எடுத்தேன்.

"புரோக்கர் நானா இரிக்காரா?"

"இல்ல. நான் அவர்ட தங்கச்சி. சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

எழுதிக்கொள்வதுதான் எனக்குத் தெரிந்த வேலை. தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் படிப்பு முடித்து, புத்தளம் நகரில் ஒரு நில அளவையாளரின் கந்தோரில் மூன்று வருடம் காணிப் படம் வரைந்துகொண்டிருந்தேன். காணியை நான் தாளில்தான் பார்த்திருக்கிறேன். நானா அதை மனிதர்களின் வாயில் பார்த்தவர். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வெறுங்கையோடு வந்த எங்கள் குடும்பத்தில், நான் ஓலைக் கொட்டிலில் பிறந்தவள்; அவர் ஓலை சுமந்து அந்தக் கொட்டிலைக் கட்டியவர். யுத்தம் முடிந்து, கற்பிட்டி வீதி தார் போட்டு, கடலில் பட்டம் பிடித்துச் சறுக்குகிற வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கியபோது, குடாநாட்டின் மணலுக்கு ஒரு விலை வந்தது. நானா தரகரானார். வீட்டின் முன் அறையில் ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் கதிரை. அவ்வளவுதான் அலுவலகம். ஒரு பகல் சாப்பிட்டுக் கை கழுவ எழும்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பிள்ளைகள் இரண்டும் பள்ளியால் வந்திருக்கவில்லை.

அவர் விட்டுப்போன தொழில் ஒரு சின்னக் கொப்பிக்குள் இருந்தது. அதில் ஒரு பெயரும் இல்லை. "ரெண்டு நாய் வீடு." "முருங்கைச் சந்தி ஹாஜியார்." "கோவக்கார மச்சான், அசருக்குப் பிறகு பேசணும்." "மாம்புரி, எட்டுத் தென்னை, சகோதரங்களுக்குள்ள வழக்கு, கிட்டப் போகாத." ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொலைபேசி எண். அந்தக் கொப்பியை அச்சிட்ட அட்டவணையாக மாற்ற எனக்கு இரண்டு கிழமை பிடித்தது. அந்த இரண்டு கிழமையும் நான் அழவில்லை. உம்மாவுக்கு அது கவலையாக இருந்தது.

சந்தித் தேத்தண்ணிக் கடையில்தான் இந்தப் பக்கத்துத் தரகர்கள் கூடுவார்கள். நான் முதல் நாள் ஸ்கூட்டியை நிறுத்தி ஒரு விலாசம் கேட்டபோது, மூத்தவர் ஒருவர் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார்:

"கேட்டீங்களா? இனி பொம்புளப் புள்ளையள் காணி விக்கிற. நாங்க ஊட்ல குந்தி ஆணம் காச்சுற."

"காச்சுங்க காக்கா. உப்பப் பாத்துப் போடுங்க" என்றேன்.

கடை முழுக்கச் சிரித்தது. விலாசமும் கிடைத்தது. ஆனால் அடுத்த மூன்று மாதத்தில் அவர்கள் யாரும் எனக்கு ஒரு கொள்வனவாளரைக்கூட அனுப்பவில்லை.

நான் ஒரு பட்டியல் செய்தேன். காணி பார்க்கப் போகும்போது கேட்க வேண்டியவை, மொத்தம் பதினான்கு. உறுதிப் பத்திரம் யார் பெயரில், முந்திய உறுதி எங்கே, பதிவகத்துப் பிரதி எடுத்ததா, நில அளவைப் படம் எந்த வருடத்தது, நான்கு எல்லையிலும் யார், எல்லைக் கல் கண்ணுக்குத் தெரிகிறதா, வீதிக்கு வழி உண்டா என்று போகும். பதினோராவது, கிணறு: ஆழம், எத்தனை வளையம், தண்ணீரின் ருசி. நானா இவற்றில் பாதியைக் கேட்டதே இல்லை. அவர் போய் உட்கார்வார், தண்ணீர் குடிப்பார், மழையைப் பற்றிப் பேசுவார். ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் தெரிந்திருக்கும். எனக்கு அது வராது. என் பட்டியல் இரண்டாம் மாதமே ஒரே காணியை இரண்டு பேருக்கு விற்கப் பார்த்த ஒருவரைப் பிடித்துக் கொடுத்தது. அன்று என்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. அதைத்தான் இப்போது நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

கொப்பியில் ஒரு வரி: "எத்தாளை, கிணத்தடி அக்கா. முன் பக்கம் மட்டும். கிணறு கதைக்கணும்."

போனேன். யாழ்ப்பாணத்துக் கரையோர ஊரொன்றிலிருந்து யுத்தக் காலத்தில் வந்து தங்கிவிட்ட அம்மா. வயது ஐம்பத்தைந்து இருக்கும். அரை ஏக்கர் காணி. வீதியோரம் தென்னையும் கிணறும். பின்னால் ஓட்டு வீடு, மிளகாய், வெங்காயம், இரண்டு பாத்தி பீற்றூட். அதற்கும் பின்னால் நிலம் தாழ்ந்து உவர்ப் பள்ளத்தில் முடிந்தது. கணவர் இங்கேதான் காலமானார். மகளுக்கு யாழ்ப்பாணத்தில் சம்பந்தம் சரிவந்திருந்தது. சீதனமாகக் கொடுக்கிற வீட்டுக்குக் கூரை போட வேண்டும். அதற்காக முன்பாதியை விற்கிறார்.

"நீங்களும் மகளோட போறீங்களா?" என்று கேட்டேன். பட்டியலில் இல்லாத கேள்வி; வாயில் வந்தது.

"நான் ஏன் போறன்? மருமகன்ரை வீட்டிலை போய் மூலையிலை இருக்கவே? பிள்ளை, எழுது." அவர் விரலை மடக்கத் தொடங்கினார். நான் உண்மையாகவே நானாவின் கொப்பியில் எழுதினேன். "ஒண்டு, பிறந்த ஊர். ரெண்டு, பக்கத்து ஊர்க் கோயில் மண்டபம். மூண்டு, கிளிநொச்சியிலை தமையன்ரை வளவு. நாலு, மடு. அஞ்சு, புத்தளத்திலை ஒரு வாடகை அறை. ஆறு, இது. இனி எழும்ப மாட்டன். இந்தப் பின்காணியிலை இருந்து மிளகாய் நட்டுத் தின்னுவன்."

"ஆறு" என்று எழுதிக் கீழே கோடு இழுத்தேன். அவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "கெட்டிக்காரி. கோடும் போட்டிட்டாய்."

பிறகு என் வேலையைச் செய்தேன். கயிற்றில் கல் கட்டிக் கிணற்றின் ஆழம் பார்த்தேன். வளையங்களை எண்ணினேன். தண்ணீர் குடித்துப் பார்த்து "நன்று" என்று எழுதினேன். நானா எழுதிய "கிணறு கதைக்கணும்" என்பதற்கு எதிரே சரி அடையாளம் இட்டேன்.

என் பழைய கந்தோரின் நில அளவையாளர் ஐயா அளந்து கொடுத்தார். படத்தை நானே வரைந்தேன். துண்டு ஒன்று, வீதியோரம். துண்டு இரண்டு, பின்பக்கம். ஓரமாகப் பத்தடி அகலத்தில் பாதை, துண்டு மூன்று, பின்துண்டுக்கு வழி அடைபடாமல். அந்தப் பாதை என் யோசனை. வழி விடாமல் பிரித்து வழக்குக்குப் போன காணிகள் எத்தனையோ வரைந்திருக்கிறேன். கிணற்றைச் சின்ன வட்டமாகத் துண்டு ஒன்றுக்குள் போட்டேன்.

படத்தைக் காட்டி, விரலை வட்டத்தில் வைத்துக் கேட்டேன்: "அக்கா, கிணறு முன் துண்டுக்குள்ள வருது. சரிதானே?"

"ஓம் பிள்ளை, கிணறு எங்கை போகப்போகுது?"

சரி அடையாளம் இட்டேன். இந்த மணலில் எங்கே பதினைந்து அடி தோண்டினாலும் தண்ணீர் வரும். காணிக்கு ஒரு கிணறு, காணி யாருடையதோ கிணறும் அவருடையது. இங்கே வளர்ந்த எனக்கு இதில் கேட்க ஒன்றுமில்லை. புதிதாக ஒன்று தோண்டிக்கொள்வார் என்று நினைத்தேன். நொத்தாரிசு உறுதியை வாசித்தபோது "தென்னை, கிணறு உட்பட அதிலுள்ள சகலமும்" என்ற இடத்திலும் அவர் தலையாட்டினார். வாங்கியவர் சிலாபத்துப் பக்கத்துக்காரர். உல்லாசப் பயணிகளுக்கு அறை கட்டி வாடகைக்கு விடும் எண்ணம். நல்ல மனிதர்தான், வெளியே வந்ததும் அந்த அம்மாவுக்குக் கதிரை இழுத்துப் போட்டார்.

நான்கு மாதம் கழித்து அழைப்பு வந்தது. குரலில் கோபமே இல்லை.

"பிள்ளை, உங்கடை ஆக்கள் வேலி அடைச்சவை. படலை வைக்க மறந்து போச்சினம் போல. ஒருக்காச் சொல்லிவிடு."

ஸ்கூட்டியில் போகும் வழியெல்லாம் எனக்கு விளங்கவில்லை. போய்ப் பார்த்ததும் விளங்கியது. கம்பி வேலியின் இந்தப் பக்கம் இரண்டு வெறுங்குடத்தோடு அவர் நின்றார். அந்தப் பக்கம் கிணறு. கிணற்றுக்கட்டில் அவருடைய வாளி, கயிற்றோடு.

"அக்கா, கிணறு அவங்களுக்கு வித்தாச்சே."

"காணியை வித்தனான். கிணத்தை ஆரும் விப்பினமே?" பிறகு, எனக்குப் பாடம் சொல்வதுபோல் இல்லாமல், என்னிடம் உறுதி கேட்பதுபோல் சொன்னார்: "எங்கடை ஊரிலை நாலு வளவுக்கு ஒரு கிணறு. வளவை ஆருக்கு வித்தாலும் கிணத்திலை பங்கு பங்குதான். உறுதியிலையும் எழுதுவினம், கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எண்டு. நீ எழுதியிருப்பாய்தானே? நீ எல்லாம் எழுதுற பிள்ளை."

"எழுதல்ல, அக்கா."

அவர் குடங்களைக் கீழே வைத்தார். அவ்வளவுதான் நடந்தது. நான் எதிர்பார்த்த எதுவும் நடக்கவில்லை.

வாங்கியவரிடம் போனேன். எனக்குத் தேத்தண்ணி தந்து, முழுதும் கேட்டார்.

"நங்கி, நான் சண்டைக்கு ஆள் இல்ல. பிளான் கீறினது நீங்க. கிணறு என்ட பக்கம் தானே?"

"ஓம்."

"குடிக்க ரெண்டு பக்கட் எடுக்கட்டும், நான் வேணாம் சொல்ல மாட்டேன். தோட்டத்துக்கு பைப் ஏலாது. லோயர் சொன்னார், இப்ப விட்டா நாளைக்கு அது உரிமை ஆகிடும். எனக்கு எட்டு ரூமுக்குத் தண்ணி வேணும்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. அவருடைய இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஒரு கிழமை அந்த அம்மா வீதியால் சுற்றிப் போய், காவலாளி படலை திறக்க, இரண்டு வாளி எடுத்தார். எட்டாம் நாள் போகவில்லை. குளிக்கிற உடையில் இரண்டு வெள்ளைக்காரர்கள் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்திருந்தார்களாம். "என்ரை கிணத்தடியிலை நான் வெளிச்சனம் மாதிரி நிக்க வேண்டிக் கிடக்கு" என்றார்.

கிணறு வெட்டுபவர்களை நான் கூட்டிப்போனேன். கூலி என் தரகிலிருந்து. பின்துண்டின் படத்தைப் பெரிதாக வரைந்து, உவர்ப் பள்ளத்திலிருந்து தூரமான மூன்று இடங்களைக் குறித்திருந்தேன். முதல் குழியில் பன்னிரண்டு அடியில் தண்ணீர் வந்தது. வெட்டியவர் கையில் அள்ளி வாயில் வைத்து, உடனே துப்பினார்.

"இது தண்ணி இல்ல புள்ள, கடல்ட மச்சான்."

அந்த அம்மா சிரித்தார். அன்று அவர் சிரித்தது எனக்கு நம்பிக்கை தந்தது. இரண்டாவது குழி இன்னும் மோசம். மூன்றாவதில் கொஞ்சம் தேறியது. உப்பை அளக்கும் கருவியைக் கந்தோரிலிருந்து இரவல் வாங்கி வைத்துப் பார்த்தேன். மனிதர் குடிக்கலாம், முகம் சுளித்துக்கொண்டு. மிளகாய்க்கு ஆகாது. என்றாலும் அதைத்தான் இறைத்தார். மூன்று கிழமையில் இலைகளின் ஓரம் தீய்ந்து, பிறகு முழு இலையும் சுருண்டது. வெங்காயம் முளைத்த அளவிலேயே நின்றது. நல்ல தண்ணீர் எல்லாம் முன்னால், தென்னைகளுக்கு அடியில் இருந்தது. காணியைப் பிரித்தபோது நான் நேர்கோடு போட்டது அந்த இடத்துக்கு இந்தப் பக்கம்.

"நானா இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பார்?" என்று ஓர் அந்தியில் மதினியிடம் கேட்டேன். இத்தா முடிந்து மாதங்கள் போயும், அவர் அப்போதுதான் முற்றத்துக்கு வரத் தொடங்கியிருந்தார்.

"உங்க நானா அங்க போனா அந்தக் கிணத்தடிலதான் குந்தி இருப்பார். பக்கத்து ஊட்டுப் பொம்புளையளும் வந்து அள்ளுவாங்கன்னு சொல்லுவார். யாரு அள்ளுறன்னு அவருக்குத் தெரியும்" என்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அன்றுதான் நானும் அழுதேன். எவருக்காக என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மாசியில் அந்த அம்மா பின்துண்டையும் விற்றுத் தரச் சொன்னார். தண்ணீர் இல்லாத காணியை வாங்க ஒரே ஒருவர்தான் இருந்தார், முன் துண்டை வாங்கியவர். வாகனம் நிறுத்த இடம் வேண்டும் என்று அவர் வாங்கினார். நான் தரகு எடுக்கவில்லை. அதைக் கேட்டு அந்த அம்மா, "எடு பிள்ளை, தொழில் எண்டால் தொழில்" என்றார். எடுக்கவில்லை.

யாழ்ப்பாணப் பஸ்ஸுக்குப் புத்தளம் நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். இரண்டு பை, ஒரு சாக்கு. போகும் வழியில் முன் துண்டில் ஸ்கூட்டியை நிறுத்தி, காவலாளியிடம் சொல்லி, அந்த வாளியைக் கயிற்றோடு வாங்கிக்கொண்டேன். "உட்பட அதிலுள்ள சகலமும்" என்ற உறுதியின்படி அதுவும் அவருடையது இல்லை. காவலாளி கயிற்றைச் சுருட்டி வாளிக்குள் போட்டுத் தந்தார்.

ஜன்னலோரம் உட்கார்ந்து வாளியை மடியில் வைத்துக்கொண்டார். மருமகன் வீட்டில் குழாய்த் தண்ணீர் என்று சொன்னார். பஸ் உறுமத் தொடங்கியபோது தலையை வெளியே நீட்டி, "ஏழு எண்டு எழுதிக்கொள்" என்றார்.

திரும்பும்போது சந்தித் தேத்தண்ணிக் கடையில் மூத்தவர் கை காட்டி நிறுத்தினார். அவருக்குச் செய்தி போயிருந்தது.

"முன் துண்ட முதல்ல வித்து, தண்ணிய வெட்டி, பின் துண்ட அதே ஆளுக்கு அடிச்சிட்டீங்க. நாங்க இருவது வருஷம் குந்தியும் இப்படி ஒரு கணக்குப் படிக்கல்ல. குந்துங்க புள்ள, தேத்தண்ணி குடிங்க."

ஒருவர் எழும்பி எனக்குக் கதிரை தந்தார். அப்படி இல்லை என்று சொன்னேன். அடக்கம் என்று நினைத்துச் சிரித்தார்கள். அந்தக் கிழமையே அவர்கள் எனக்கு இரண்டு கொள்வனவாளர்களை அனுப்பினார்கள். இன்றுவரை அனுப்புகிறார்கள். என் தொழில் நின்று பிடித்தது அந்த அரை ஏக்கரில்தான். மதினியின் பிள்ளைகள் படிப்பதும் அதனால்தான்.

பட்டியலின் பதினோராவதை மாற்றிவிட்டேன். கிணறு: யார் யார் அள்ளுகிறார்கள். கேட்டால் ஆட்கள் சிரிக்கிறார்கள். இதெல்லாம் ஒரு கேள்வியா என்று. நான் அவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, பதிலை எழுதிக்கொள்கிறேன்.

பழைய கொப்பியில் நான் கோடு இழுத்த பக்கம் அப்படியே இருக்கிறது. கோட்டுக்குக் கீழே ஏழு எழுதவில்லை.