ராக்கெட்டைக் குளிப்பாட்டியவர்

எங்கள் தெருவில் பளிச்சர் என்று ஒருவர் இருக்கிறார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவர் மனைவிக்கே சட்டென்று வாயில் வராது. அழுக்கைக் கண்டால் மனிதருக்குக் கை அரிக்கும். துணி துவைத்தால் சட்டையில் கட்டம் இருக்காது, பாத்திரம் விளக்கினால் பாத்திரத்தில் அடி இருக்காது. ஒருமுறை அவர் வாசல் கதவைத் தேய்த்த தேய்ப்பில், உள்ளே மனைவி தலை வாருவது தெருவுக்கே தெரிந்தது. மரக்கதவு. நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். இப்போது திரை போட்டிருக்கிறார்கள்.

இந்தக் கை அரிப்பு தின்ற வேலைகள் கொஞ்சநஞ்சமல்ல. பெட்ரோல் பங்கில் அளவு காட்டும் எண்களையே துடைத்து எடுத்துவிட்டார். அருங்காட்சியகத்தில் காலங்காலமாகப் பச்சை பிடித்திருந்த வெண்கலச் சிலையைத் தேய்த்துப் புதுக் குடம் மாதிரி நிறுத்தினார். பார்க்க வந்த பேராசிரியர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். இவர் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துத் துண்டு எடுத்துக் கொடுத்தார்.

அந்த வேலையும் போன அன்று மனைவி முடிவாகச் சொல்லிவிட்டார்: “ஏங்க, இனிமே எனக்குப் பொறுமை இல்ல. அடுத்த வேலையும் போச்சுன்னா நேரா என் தம்பி பட்டறைக்குத்தான்.”

தம்பி லாரி மெக்கானிக். அவன் பட்டறையில் தரை, சுவர், டீ கிளாஸ், தம்பி எல்லாம் ஒரே நிறம், கிரீஸ் நிறம். பளிச்சர் அந்தப் பக்கம் போனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பார். மச்சினன் விடுவானா? “மாமா! உங்களுக்குன்னு ஒரு ஸ்பேனர் எடுத்து வச்சிருக்கேன். எப்ப வர்றீங்க?” என்று பல் முழுவதும் காட்டுவான். பல் மட்டும்தான் அங்கே வெள்ளை.

இப்படிக் கத்தி தலைக்கு மேல் தொங்கும்போதுதான் ராக்கெட் கம்பெனியில் வேலை கிடைத்தது. தனியார் கம்பெனி. முன்பெல்லாம் ராக்கெட் என்றால் ஒரே தடவைதான். ஊர் போய்ச் சேர்ந்ததும் பஸ்ஸைக் கடலில் தள்ளிவிடுவது போன்ற காரியம். இந்தக் கம்பெனியின் ராக்கெட் அப்படியல்ல. அதன் அடிப்பாகம் பாரத்தை மேலே தள்ளிவிட்டு, வானத்திலேயே திரும்பி, நெருப்பைக் கீழே கக்கிக்கொண்டு இறங்கி, காலை விரித்துச் சமர்த்தாக நிற்கும். துடைத்து, சோதித்து, மறுபடி அனுப்புவார்கள். என்ன, தன் புகைக்குள்ளேயே இறங்குவதால் கரிச்சட்டி மாதிரி வந்து சேரும்.

பளிச்சர் வேலை கழுவுவது. ஆனால் முழுக்க அல்ல. பொறியாளர்கள் சாக்பீஸால் கோடு போட்ட இடத்தில் மட்டும், பற்றவைத்த இணைப்பில் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்காக. மற்ற கரி அப்படியே இருக்கலாம், பறப்பதற்கு அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது என்பது கம்பெனிச் சட்டம். பாதி முகம் கழுவிய பிள்ளையை வெளியே அனுப்புகிற மாதிரி இருந்தது அவருக்கு. மனைவியையும் ஸ்பேனரையும் நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மேலாளர் எல்லாரையும் கூப்பிட்டு, “நாளைக்கு சாட்டிலைட் கம்பெனி முதலாளியம்மா வர்றாங்க. இடம் சுத்தமா இருக்கணும்” என்றார்.

நெருப்பில் எண்ணெய் ஊற்றியாயிற்று. மற்றவர்கள் முன்வாசலைப் பெருக்கப் போனார்கள். இவர் ஏணியும் பிரஷும் சோப்பு நுரையுமாகக் கொட்டகைக்குள் போனார். படுத்திருந்த ராக்கெட்டின் மூக்கிலிருந்து கால் வரை குளிப்பாட்டி எழுந்தபோது, அதன் மேல் உட்கார வந்த ஈ வழுக்கி விழுந்தது.

முதலாளியம்மா மறுநாள் வந்தார். உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டார்.

“இது என்ன?”

“உங்க ராக்கெட்தாம்மா” என்றார் மேலாளர். அவரும் அப்போதுதான் பார்க்கிறார்.

“விளையாடுறீங்களா? நான் கேட்டது பல தடவை போய்ட்டு வந்தது. இருக்கிறதையெல்லாம் போட்டு ஒரே ஒரு சாட்டிலைட் செஞ்சிருக்கேன். அதைப் போய்ப் புதுசுல ஏத்துவேனா? நேத்து வண்டி பழகினவன் பின்னாடி பெத்த பிள்ளையை உட்கார வைப்பீங்களா?”

“அம்மா, இது பழசுதாம்மா! சத்தியமா பழசு!” பளபளக்கும் பொருளைப் பழசு என்று கெஞ்சி விற்ற ஒரே வியாபாரி உலகத்தில் அவராகத்தான் இருப்பார். இதுவரை பறந்த கணக்குக் காகிதங்களைக் கொண்டுவரச் சொன்னார்.

“காகிதமும் நீங்க அடிச்சது, பெயின்ட்டும் நீங்க அடிச்சது” என்று அம்மாள் கைப்பையைத் தோளில் மாட்டினார்.

மேலாளர் பளிச்சரைப் பார்த்த பார்வையிலேயே பாதி கணக்கு முடிந்துவிட்டது. “நீங்க வீட்டுக்குப் போகலாம். இனி வரவே வேண்டாம்.”

பளிச்சர் கண்ணுக்கு முன்னால் ஸ்பேனர் தெரிந்தது. அதைப் பிடித்திருக்கும் மச்சினனின் கை தெரிந்தது. அந்தக் கை தோளில் விழுவதும் தெரிந்தது. அப்புறம்தான் வாய் திறந்தார்.

“அம்மா... ஒரு இடத்துல என்னால முடியலங்க.”

“என்ன முடியல?”

“கால் மடங்குற இடுக்குல... பிரஷ் போகல. கரி அப்படியே இருக்கு. துணி வச்சு அடைச்சு மறைச்சிட்டேன்.” திருடியதை ஒப்புக்கொண்டிருந்தால்கூட மனிதர் இவ்வளவு கூனிக் குறுகியிருக்க மாட்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அம்மாள் துணியை உருவிவிட்டு உள்ளே கையை விட்டார். கை வெளியே வந்தபோது முழங்கை வரை கறுப்பு. கீறினாலும் உதிராத, ஏடு ஏடாகப் படிந்த கரி. தொலைந்த பிள்ளையைக் கண்டது போல முகம் மலர்ந்தது. “இதுதான்யா! ஒரு தடவையில சேர்ற கரியா இது?” என்று அதே கையால் மேலாளர் முதுகில் ஒரு தட்டு தட்டினார். வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் விழுந்தன. பளிச்சர் கை தானாகத் துணியைத் தேடியது.

“தொடாதீங்க!” என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அம்மாள் ஒப்பந்தத்தை உறுதி செய்தார். ஆனால் ஒரு நிபந்தனை: ராக்கெட் கிளம்பும் வரை சாட்சியாக மிச்சமிருக்கும் அந்தக் கரியில் ஒருவர் விரலும் படக் கூடாது, அதற்கென்று காவல் வேண்டும்.

“யாரைப் போடுறதும்மா?”

“இவரையே போடுங்க. இதை யாராவது துடைச்சா இவராத்தான் இருக்கும். ஆளே அங்க உட்கார்ந்திருந்தா அப்புறம் வேற யாருக்குப் பயப்படணும்?”

பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான். ஆனால் மறுபக்கம் ஸ்பேனர் இருக்கிறதே! பளிச்சர் சரி என்று தலையாட்டினார்.

இப்போது அவர் அந்த இடுக்குக்கு எதிரே முக்காலி போட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கைக்குட்டையோடு யாராவது அந்தப் பக்கம் வந்தால் போதும், “சார், தள்ளிப் போங்க! கரி போயிடும்!” என்று அலறுகிறார். அலறிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார்.

பகலெல்லாம் அடக்கிய அரிப்பு சாயங்காலம் எங்கள் தெருவில்தான் இறங்குகிறது. எதிர்வீட்டுக் கறுப்பு நாய் போன வாரத்திலிருந்து சாம்பல் நிறம்.