முனியனின் முன்பற்கள்

போலீஸ்காரன் எழுதுகிற புத்தகத்தை யார் படிப்பார்கள் என்று என் மனைவி இந்திராணி கேட்டாள். முந்நூறு பேர் படித்தார்கள். அதில் எனக்கு ஏறிய தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. ஏரிக்கரை ஸ்டேஷன் ஒன்றில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்ற நான், மீன் வாங்கப் போனால்கூட ‘எழுத்தாளர் தேவேந்திரன்’ என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

கொலை, கொள்ளை எதுவும் என் புத்தகத்தில் கிடையாது. படகு உரசிய சண்டை, காணாமல் போன ஆடு, கல்யாணப் பந்தலில் மாறிப்போன செருப்பு, எல்லாம் அன்றாடக் கதைகள். ‘என் கையால் ஒரு குடும்பமும் கெட்டதில்லை’ என்று முன்னுரையில் வேறு எழுதியிருந்தேன்.

போன மாதம் ஏரிக்கரையில் இருக்கும் கோட்டைக்குப்பம் பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்து என்னை வாசிக்கச் சொன்னார்கள். எங்கே வாசித்தாலும் சிரிப்பு வரும் மூன்றாம் அத்தியாயத்தை எடுத்தேன். 2006-ல் நடந்தது. ஒரு வலை திருடுபோய்விட்டது. நான் ஆர்க்காட்டுப் பக்கத்துக்காரன், இங்கே மாற்றலாகி வந்து பத்து நாள்தான். ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் ஒருத்தன் உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தான். பிடித்ததைப் போடப் பனை ஓலைப் பறி ஒன்றை வாயில் கவ்வியிருந்தான்.

“வலையை எடுத்தது யாருடா?” என்று கரையிலிருந்து மூன்று தடவை கத்தினேன். பதில் இல்லை. ஒரு கையை உயர்த்திக் காட்டினான், அவ்வளவுதான். இரண்டு கையிலும் இறாலைப் பொத்திக்கொண்டு கரையேறியவனிடம் நாலாவது தடவை கேட்டேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. எனக்கு வந்ததே கோபம்! பறியைப் பிடித்து ஒரே இழுப்பு. முன்பல் இரண்டும் கூடவே வந்துவிட்டன. ‘திருடனைப் பிடிக்கப் போனேன், பல்தான் கிடைத்தது’ என்று அந்த அத்தியாயத்தை முடித்திருந்தேன்.

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

“சார், என் பேரு சரண்யா. மீஞ்சூர்ல கம்பெனி வேலைக்குப் போறேன். அந்தப் பல்லு எங்க நைனாவோடது.”

கையிலிருந்த புத்தகத்தை மூடத் தோன்றவில்லை.

“அப்பால இன்னா ஆச்சுன்னு நீங்க எழுதலியே சார்?”

“இன்னாம்மா ஆச்சு?” என்றேன். சத்தியமாக எனக்குத் தெரியாது. அந்த வலை மறுநாளே இன்னொரு படகுக்கு அடியில் கிடைத்தது, ஸ்டேஷனில் உட்காரவைத்திருந்த அவனை அனுப்பிவிட்டோம். என்னைப் பொறுத்தவரை கதை அதோடு முடிந்தது.

“ரெண்டு கையும் சேத்துல இருக்கும். பறியைப் பல்லாலதான் கவ்வணும். முன்னாடி பல்லு இல்லாதவரு எதால சார் கவ்வுவாரு? அன்னியோட எங்க நைனா ஏரில எறங்கல.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. பத்தொன்பது வருஷமாக இந்த ஏரி இறாலைத் தின்கிறேன். தினமும் காலையில் தண்ணீருக்கு மேல் தலைகளையும், அந்தத் தலைகள் கவ்விய பறிகளையும் பார்த்துக்கொண்டே பைக்கில் போயிருக்கிறேன். மண்டையில் மூளை இருக்கிறவனுக்கு இது உறைத்திருக்க வேண்டாமா? இந்த லட்சணத்தில் நான் அன்றாட வாழ்க்கையைப் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டேன்!

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சரண்யாவின் அம்மா நாகம்மாள் அப்போதுதான் ஏரியிலிருந்து வந்து ஈரப் பறியை வெயிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா முனியன் உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தார். மீஞ்சூரில் லாரிக்கு மூட்டை தூக்கி இடுப்பு போய்விட்டதாம். என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

“பறியைக் கழுத்துல மாட்டிக்க முடியாதா?” என்று நாகம்மாளிடம் கேட்டேன். என்னவோ ஒரு வழி இருந்திருக்கும், அவர்தான் விட்டுவிட்டார் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று இருந்தது.

“தண்ணிக்குள்ள அமுங்கிப் போவும். இறா துள்ளிப் பூடும். அதையும் ஒரு மாசம் செஞ்சு பாத்தாரு” என்றாள்.

“மன்னிச்சிடுங்க” என்றேன். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் இப்படிப்பட்ட ஒருவரிடம் ‘ங்க’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

முனியன் பானையை நிமிர்த்தி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு வாய் திறந்தார். முன்னால் பல் இல்லாததால் வார்த்தை காற்றோடு வந்தது.

“அன்னிக்கு வாயில பறி, கைல இறா. இறாவைப் பறில போட்டுட்டு சொல்லலாம், கொஞ்சம் இருங்கன்னுதான் கையைக் காட்டினேன். நீங்க இருக்கல.”

என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“இப்ப சொல்றேன் ஐயா. வலையை யாரு எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது.”