எஸ்தர் அக்கா கண்டுவந்த கானான்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை வெள்ளவத்தையில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எங்கள் ஆலயத்தில் மணியடிக்கும் டானியல் சைக்கிளை என் அருகில் கொண்டுவந்து நிறுத்தினார். "எஸ்தர் அக்கா விடியப்புறம் போயிட்டா. பின்னேரம் பொரளை மயானத்துக்குக் கொண்டுபோகினம். உங்களுக்கும் சொல்லச் சொன்னவை" என்றார். பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

கொட்டாஞ்சேனைச் சபையில் உள்ளவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இதை வாசிப்பவர்களில் பாதிப்பேரை முதலில் கையில் ஏந்தியவர் அவர். இருபத்தெட்டு வருடம் மருத்துவிச்சியாக இருந்தார். எங்கள் சபை வீடுகளுக்கு மட்டுமல்ல, முஸ்லிம்களான சோனகர் வீடுகளுக்கும் செட்டியார் வீடுகளுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். என் மூத்தவள் பிறந்தபோது, எல்லாம் சரியாகப் போகிறது என்று உறவுக்காரப் பெண்கள் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் வெளியே வந்து, "பிள்ளை குறுக்கை கிடக்குது. உடனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும். ரிக்‌ஷா பிடியுங்கோ" என்றார். என் தாயார் அவரைக் கோபித்தார். அதற்கு அவர் சொன்ன பதில் இன்றும் நினைவிருக்கிறது. "பிள்ளை பிறக்கிற வீட்டிலை ஆறுதலுக்குக்கூடப் பொய் சொல்லக்கூடாது. சொன்னா ஆள் சாகும்."

துறைமுகத்தில் கப்பல்கள் குறைந்து, எங்கள் சபையில் பல வீடுகளில் அடுப்பு எரியாத வருடங்கள் அவை. கொள்ளுப்பிட்டியில் கம்பனிக் கந்தோர் வைத்திருந்த ஒரு கனவான் வட பகுதியில் பெரிய காட்டுக் காணி ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். நாற்பது குடும்பங்கள் வந்து காடு வெட்டி விதைத்தால், மூன்றாம் அறுவடைக்குப் பிறகு ஆளுக்கொரு துண்டு நிலம் சொந்தமாகும் என்றார். எங்கள் போதகர் அதைத் தேவனுடைய அழைப்பாகவே எடுத்துக்கொண்டார். எகிப்தைவிட்டுப் புறப்பட்ட ஜனத்தைப் பற்றியும், பாலும் தேனும் ஓடும் தேசத்தைப் பற்றியும் ஏழு ஞாயிறு தொடர்ந்து பிரசங்கித்தார். மோசே ஆள் அனுப்பிக் கானானைப் பார்த்துவரச் செய்ததுபோல நாமும் மூவரை அனுப்புவோம் என்று முடிவாயிற்று. ஓய்வுபெற்ற ஓவசியர் ஆபிரகாம் ஒருவர். சபைச் செயலாளரான நான் ஒருவன். தண்ணீரையும் நோயையும் பார்க்க ஒரு பெண் வேண்டும் என்று தாய்மார் கேட்டதால் எஸ்தர் அக்கா மூன்றாமவர்.

புறப்படுவதற்கு முதல் நாள் அந்தக் கனவான் என்னைத் தனியே அழைத்திருந்தார். குடியேற்றத்துக்கு மேற்பார்வையாளராக என்னை வைப்பதாகவும் ஓட்டு வீடு ஒன்று கட்டித் தருவதாகவும் சொன்னார். இதை நான் மற்ற இருவருக்கும் சொல்லவில்லை.

குளம் பெரியது. மண் கறுப்பாக, கையில் ஒட்டும் மண். ஓவசியர் அளந்து பார்த்துத் திருப்திப்பட்டார். எஸ்தர் அக்கா எங்களோடு நிற்காமல் குளக்கட்டின் மறுபக்கம் இறங்கி நடந்தார். நானும் பின்னால் போனேன். அங்கே பத்துப் பன்னிரண்டு மண்வீடுகள் கொண்ட சிங்களக் கிராமம் ஒன்று இருந்தது. வயிறு ஊதி, கைகால் மெலிந்த பிள்ளைகள் வாசல்களில் படுத்திருந்தார்கள். அவர் ஒவ்வொரு பிள்ளையின் விலாவுக்குக் கீழும் விரலால் அழுத்திப் பார்த்தார். ஒரு பெண்ணிடம் சிங்களத்தில் நெடுநேரம் பேசினார். பிறகு அந்தப் பெண் எங்களை வேலிக்கு அப்பால் கூட்டிக்கொண்டு போனாள். புதுமண் மேடுகள். எல்லாம் சிறியவை. பதினான்கு.

"காய்ச்சல். ஒரே மழைகாலத்திலை" என்றார் எஸ்தர் அக்கா. "இந்த ஊரையும் அறுவடைக்கு முன்னம் விட்டுப் போகச்சொல்லிக் காகிதம் வந்திருக்காம். நாங்கள் வரப்போறம் எண்டுதான்."

ரயிலில் கொழும்புக்குத் திரும்பினோம். மருதானை நிலையத்தில் இறங்கும்போது அவர் என்னைப் பார்த்து, "செக்ரட்டரி, நீங்களும் கண்டனீங்கள்" என்றார். நான் தலையாட்டினேன்.

அடுத்த ஞாயிறு ஆலய மண்டபத்தில் நடந்த கூட்டத்தை மறந்தவர்கள் இருக்கமாட்டார்கள். கனவான் அந்தக் காட்டிலிருந்து ஒரு போத்தல் தேனும் ஒரு சட்டி எருமைத் தயிரும் கொண்டுவந்திருந்தார். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கரண்டி கொடுத்தார்கள். ஓவசியர் எழுந்து குளத்தைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். எஸ்தர் அக்கா எழுந்தார்.

"இந்தத் தேனை ஆர் எடுத்தது? இந்தப் பாலை ஆர் கறந்தது?" என்று கேட்டார். "அங்கை ஆக்கள் இருக்கினம். அந்த இடத்திலை பிறந்து வளந்ததுகளே காய்ச்சலிலை சாகுது. எங்கடை பிள்ளையள் ஒரு மழைகாலம் தாங்காது."

பின்வரிசையிலிருந்து ஒருவர், "மோசே கானானுக்கு அனுப்பின பன்னிரண்டு பேரிலை பத்துப் பேர் இப்பிடித்தான் வந்து பயங்காட்டினவை. அவையைக் கர்த்தர் வாதையிலை சாகடிச்சது தெரியுந்தானே" என்றார். மண்டபம் இரைந்தது. ஒரு பெண் எழுந்து, இரண்டு நாளாகத் தன் வீட்டில் சமைக்கவில்லை, இங்கே இருந்தாலும் சாவுதான் என்று அழுதாள்.

"அவை பயத்திலை சொன்னவை. நான் கண்டதைச் சொல்லுறன்" என்றார் எஸ்தர் அக்கா. "கானானிலையும் முந்தியே ஆக்கள் இருந்தவைதானே. அவையின்ரை பிள்ளையளைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பிரசங்கம் கேட்டதில்லை."

போதகரின் முகம் சிவந்தது. அவர் என் பக்கம் திரும்பி, "செயலாளர் என்ன சொல்லுறீர்?" என்றார். அத்தனை முகங்களும் என்னைப் பார்த்தன. நான் எழுந்தேன். "குளம் பெரிசு. மண் நல்லது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அவ்வளவுதான் சொன்னேன்.

நாற்பதில் இருபத்தொன்பது குடும்பங்கள் பின்வாங்கின. அது முழுக்க அவரால். பதினொரு குடும்பங்கள் போயே தீருவது என்று நின்றன. லொறி புறப்பட்ட காலை, காய்ச்சல் மருந்தான கொயினாப் போத்தல்கள் நிறைந்த பெட்டி ஒன்றோடு எஸ்தர் அக்கா வந்து அதில் ஏறினார். வேண்டாம் என்று சொன்னவர் ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன். "வேண்டாமெண்டு சொன்னன். கைவிடுவன் எண்டு சொல்லேல்லை" என்றார். ஓட்டு வீடு கட்டி முடியட்டும், பிறகு போகலாம் என்று மனதுக்குள் நினைத்து நான் நின்றுகொண்டேன்.

மழை தொடங்கி ஆறாம் வாரம் எனக்கு அவருடைய கடிதம் வந்தது. "ஒன்பது பேரைப் புதைத்தாயிற்று. மருந்து முடிந்தது. லொறி அனுப்புங்கள்" என்று மட்டும் இருந்தது. கொள்ளுப்பிட்டிக்கு ஓடினேன். மூன்றாம் அறுவடைவரை ஒப்பந்தம் இருக்கிறது, லொறி தரமுடியாது என்றார் கனவான். அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு வந்து, எஸ்தர் அக்கா பிள்ளைப்பேறு பார்த்த ஒரு சோனக வியாபாரியிடம் நின்றேன். கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "அந்த அம்மாவா? இப்பவே லொறிய கொண்டுபோங்க" என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது எஸ்தர் அக்காவும் காய்ச்சலில் கிடந்தார். வெளியேறச் சொல்லப்பட்ட அந்தக் கிராமத்துப் பெண்தான் குரக்கன் கஞ்சி காய்ச்சி எங்கள் ஆட்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்த அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். குடியேற்றம் அதோடு நின்றது. கனவானும் குத்தகையை விட்டுவிட்டார். அந்தக் கிராமத்தவர்கள் இன்றும் அங்கேயே இருப்பதாக அறிகிறேன். எஸ்தர் அக்கா தேறினார். ஆனாலும் அந்தக் காய்ச்சல் வருடந்தோறும் மழையோடு வந்து அவரைப் படுக்கவைத்தது. கடைசியிலும் அதுதான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய், ஓட்டு வீட்டையும் வேலையையும் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, "இப்பிடி ஏதோ இருக்குமெண்டு நினைச்சனான். எனக்குச் சொல்லி என்ன? அங்கை பிள்ளையளைப் புதைச்சவைக்குச் சொல்லுங்கோ" என்றார். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் பிள்ளைகளின் சுகத்தை மட்டும் விசாரித்தார்.

எல்லாருக்கும் அவர் ஏதோ ஒன்றை விட்டுப் போயிருப்பார். எனக்கு விட்டுப்போனது, புதைச்சவைக்குச் சொல்லுங்கோ என்ற அந்த ஒரு வார்த்தை. இந்த எழுத்து அதற்கு ஈடாகாது என்று எனக்குத் தெரியும். அந்தப் பதினொரு குடும்பங்களில் ஏழு இன்னும் கொட்டாஞ்சேனையில் இருக்கின்றன. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இதைச் சொல்ல ஒவ்வொரு வாசலாகப் போகிறேன். முதலில் மார்த்தாளின் வீடு. இரண்டு பிள்ளைகளை அங்கே மண்ணில் விட்டுவந்தவள் அவள்.