ஒன்பதாம் நம்பர் ஜேர்சியைக் கழற்றி வாங்கினேன்

ஒரு வாரமாக எனக்குப் பாராட்டு வந்துகொண்டே இருக்கிறது. பஸ்ஸில், சலூனில், கோயில் வீதியில்... "இந்த வயசிலயும் ஒரு கோல்! நீங்க மனிசனே இல்ல!" என்கிறார்கள். போதும், தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தக் கோலைப் பற்றி யாராவது வாய் திறந்தாலே உடம்பெல்லாம் கூசுகிறது.

ஏனென்று சொல்கிறேன்.

கல்லூரிக் காலத்தில் நான் உதைபந்தாட்டக்காரன் என்பது பேப்பரில் இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். நானே பத்துத் தரம் சொல்லியிருப்பேனே! இரண்டு வருடங்களுக்கு முன் பழுகாமம் பக்கத்துக் கழகம் ஒன்று, பயிற்றுவிக்க வருவீர்களா என்று கேட்டது. ஆரையம்பதியிலிருந்து வாவியைக் கடந்து போய்வர வேண்டும். கேட்டு முடிக்குமுன்பே ஓம் என்றேன். பயிற்றுநர் வகுப்புக்குப் போனேன், பரீட்சை எழுதினேன், கழுத்தில் விசில் ஏறியது. வகுப்பில் முதல் நாளே ஒரு விஷயம் சொன்னார்கள்: மேட்ச் தொடங்கிய பிறகு வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே பயிற்றுநருக்கு வேலை இல்லை. அதைக் கொப்பியில் எழுதி, கீழே கோடும் போட்டேன். எழுதுவது சுகமான வேலைதானே?

எங்கள் அணியில் நிரோசன் என்று ஒருவன். பத்தொன்பது வயது. அறுவடை முடிந்த வட்டையில், வெட்டிய நெல்தாள் குத்தக் குத்த வெறுங்காலோடு விளையாடிப் பழகியவன். அந்தக் கரடுமுரடான வயலில் பந்து எங்கே எகிறும் என்று யாருக்கும் தெரியாது. நிரோசனுக்குத் தெரியும். ஒன்பதாம் நம்பர் ஜேர்சி அவனுடையது.

இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் ஒரு போன். மாவட்ட இளைஞர் அணிக்கு ஆள் தெரிவு செய்கிறவர்.

"உங்கட ஒன்பதாம் நம்பரைப் பார்க்கத்தான் வாறன் கோச்சர். இந்த வருசம்தான் அவனுக்கு வயசு சரி. அடுத்த வருசம் கடந்திரும்."

நிரோசனிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் பதறுவான், கால் பின்னும். இதுவரைக்கும் நான் நல்ல பயிற்றுநர்தான்.

மறுநாள் முதல் பாதி முடிந்தது. கோல் இல்லை, தெரிவாளரையும் காணவில்லை. இடைவேளை முடிந்தது. அப்போதும் காணவில்லை. இனி எங்கே வரப்போகிறார் என்று நானாகவே முடிவு கட்டினேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் மைக் என்னைக் கண்டது. ஊர் ஆட்டங்களில் மைக் பிடிக்கிறவரைத் தெரியும்தானே? ஆட்டக்காரரைவிட அவருக்குத்தான் அதிகம் மூச்சு வாங்கும்.

"கோட்டுக்கு வெளியில கையக் கட்டிக்கொண்டு நிக்கிறாரே, ஆரெண்டு தெரியுமா? ஒரு காலத்தில இவர்ர காலில பந்து பட்டா கோல்கீப்பர் கும்பிடுவார்! இறங்குவாரா... இறங்கமாட்டாரா?"

சனம் கூவத் தொடங்கியது. "இறங்குங்க கோச்சர்! இறங்குங்க!"

ஆட்டக்காரர் பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. நானே எழுதியதுதான். சும்மா, ஒரு பாதுகாப்புக்கு! யாருக்குப் பாதுகாப்பு என்று கேட்காதீர்கள்.

ஆட்டம் முடியப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது நிரோசனை வெளியே கூப்பிட்டேன்.

"எனக்குக் களைப்பில்ல சேர். ஓடலாம்."

"கொஞ்சம் ஆறு மனே. ஜேர்சியக் கழட்டித் தா."

மேலதிக ஜேர்சி இரண்டு இருந்தது. இரண்டும் என் வயிற்றுக்குள் நுழையாது. அவனுடையதுதான் கொஞ்சம் பெரிது. ஊர் ஆட்டம்தானே என்று நடுவரும் விட்டுவிட்டார். வியர்வையில் நனைந்திருந்ததைக் கழற்றித் தந்தான். இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினேன்.

இரண்டு தரம் ஓடினேன், நெஞ்சு அடைத்தது. பிறகு ஓடவில்லை, கோல் வாசலிலேயே நின்றுகொண்டேன். கோர்னரிலிருந்து வந்த பந்து யாரோ தலையில் பட்டு, என் முழங்காலில் பட்டு, உள்ளே போனது. பந்தை நான் அடிக்கவில்லை ஐயா, பந்துதான் என்னை அடித்தது! மைக்காரர் தொண்டை கிழியக் கத்தினார். கப் எங்களுக்கு. என்னைத் தோளில் தூக்கினார்கள். தூக்கியவர்களில் வெறும் மேலோடு நிரோசனும் ஒருவன்.

இறக்கிவிட்ட இடத்தில் ஒருவர் கொப்பியோடு நின்றார். தெரிவாளர்! பஸ் பிந்திவிட்டதாம். கடைசிப் பத்து நிமிடத்தை எதிர்ப்பக்கத்து மரநிழலில் இருந்து பார்த்திருக்கிறார்.

"எங்க கோச்சர் உங்கட ஒன்பது? நல்ல இடத்தில நிக்கிறான். ஆனா ஓட்டம் காணாது எண்டு எழுதியிரிக்கன்."

"அது... நான்தான்."

என் முகத்தைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். எட்டி, ஜேர்சியின் முதுகில் இருந்த நம்பரைப் பார்த்தார்.

"அப்ப அந்தப் பொடியன்? காயமா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"பிறகு என்னத்துக்கு வெளியில எடுத்தீங்க?"

என்ன சொல்வேன்? மைக்கில் என்னைப் புகழ்ந்தார்கள் என்றா? "கெட்டிக்காரன், நான் பொறுப்பு, எழுதுங்க" என்று கெஞ்சினேன்.

"கண்ணால காணாத ஆளை எப்பிடி எழுதுற? பட்டியல் நாளைக்குக் காலையில குடுக்கணும்." கொப்பியை மூடிக்கொண்டு போய்விட்டார். அவர் மீது பிழையே இல்லை.

நிரோசன் தண்ணீர்ப் போத்தலோடு வந்தான். "கொப்பியோட வந்து கதைச்சாரே, ஆர் சேர் அது?"

"பழைய கூட்டாளி மனே. வாழ்த்துச் சொல்ல வந்தவர்."

"உங்கட கோலைப் பார்த்திருப்பாரே?"

ஓம் என்றேன். என் வாழ்க்கையில் அப்படி வெட்கப்பட்டு ஒரு ஓம் சொன்னதில்லை.

பிள்ளைகளைப் பாட விட்டு, அவர்களைவிடச் சத்தமாகப் பாடுகிற சங்கீத டீச்சர்மாரைக் கண்டு எத்தனை தரம் சிரித்திருக்கிறேன்! ஓய்வு பெற்ற பிறகும் பாடசாலை வாசலில் நின்று மணி அடிக்கச் சொல்கிற அதிபர்மாரையும் விட்டதில்லை. ஆட்டக்காரன் பயிற்றுநராக ஒரு சான்றிதழ் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். கைதட்டல் ஆசை எப்போது அடங்கும் என்று அந்த வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை. இவ்வளவு வயதுக்குப் பிறகும் சொல்லித் தரவேண்டுமா என்ன?

அதற்குப் பிறகு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. இரண்டு நாளும் நிரோசன்தான் முதலில் வந்து வலை கட்டினான். இரண்டு நாளும் அவனிடம் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கோர்னர் அடிப்பது எப்படி என்று பேசிவிட்டு வந்தேன்.

நிரோசன் பேப்பர் வாசிக்கிறவனில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதையும் எழுதுகிறேன்.