அப்பாவின் செட்டும் அத்தை கரைத்த பாலும்

வீட்டில் ஒரு பாட்டுக் கேட்க இத்தனை பாடா என்று பத்து வயதிலேயே எனக்கு அலுத்துப்போனது. அப்பா வாங்கி வைத்திருந்த பாட்டுச் செட்டில் திருகுகிற சுவிட்ச் இரண்டு. ஒன்று, சத்தம் எங்கிருந்து வரவேண்டும் என்பதற்கு: டிவி, டிவிடி, போன். மற்றது, எங்கே போகவேண்டும் என்பதற்கு: வீட்டுக்குள்ளா, வெளியேயா. இதைத் திருக வேண்டிய நேரத்தில் அதைத் திருகுவதே அப்பாவின் வேலை. செய்தி கேட்க உட்கார்ந்தால் செட் மூச்சுவிடாது. சத்தமில்லாமல் படம் பார்க்கலாமென்றால் லயத்தின் வரிசை வீடுகள் முழுக்கச் சோப்பு விளம்பரம் கேட்கும். சொல்லிக்கொடுக்கப் போனாலோ மூக்குக்கு மேல் கோபம் வரும்.

திருவிழா வாரத்தில் கேட்கவே வேண்டாம். கோயிலில் கரண்ட் இல்லாததால் எங்கள் வீட்டிலிருந்துதான் ஸ்பீக்கர் குழாய்க்கு வயர் போகும். தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களுக்கும் சாமிப் பாட்டுக் கேட்கட்டும் என்று குழாயை மலைப்பக்கம் பார்த்துக் கட்டுவது எங்கள் தோட்டத்து வழக்கம். அன்று அப்பாவின் போனிலிருந்து பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த அம்மா அந்த நேரம் பார்த்துக் கோல் எடுத்தாள். போன் புளூடூத்தில் செட்டோடு சேர்ந்திருந்ததை மறந்து, அப்பா அதைக் காதில் வைத்து "ஹலோ" என்றார். பதில் கோயில் குழாயில் வந்தது.

"என்னங்க, நான் அனுப்புன பால்மாவ ஒங்க அக்கா நம்ம புள்ள கண்ணுல காட்டுறதே இல்லையாமே! அம்புட்டும் அவங்க மக வீட்டுக்குப் போயிருதாம்!"

அந்த அக்காதான் என்னை வளர்த்த அத்தை. அந்நேரம் அதே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் கோள் சொன்னது நான். கேட்டதும் பதறியடித்து ஊருக்கு வந்துவிடுவாள் என்று நினைத்துச் சொன்ன பச்சைப் பொய்.

"நிப்பாட்டுங்கப்பா!" என்று கத்தினேன். அப்பா வழக்கம்போல் தப்பான சுவிட்சைத் திருகினார். டிவி விளம்பரம் அலறியது. பதறிப்போய்த் திரும்பத் திருகினார். "கேக்குதாங்களா?" என்றாள் அம்மா, மலைக்கே கேட்க. ஆத்திரம் தாங்காமல் நான் வயரைப் பிடுங்கி எறிந்தேன்.

பகல் சாப்பாட்டுக்கு அத்தை வரும் நேரம் நெருங்க நெருங்க வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டால் எனக்குச் சோறு பொங்க, சடை பின்ன யார் இருக்கிறார்கள்? அத்தை வந்தாள். அப்பா முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பால்மாவை அள்ளிப் போட்டுக் கெட்டியாகக் கரைத்து, என்னை இழுத்துப்போய் லயத்து முன் இஸ்தோப்புத் திண்ணையில் நிறுத்தி, "குடி" என்றாள். டம்ளர் காலியாகும்வரை நகரவில்லை. மறுநாளும் அதே நேரம், அதே இடம். இப்படி எத்தனையோ நாள்.

காற்று மாறி அடித்ததில் அத்தைக்கு எதுவும் காதில் விழவில்லை, தப்பித்தேன் என்று சந்தோஷப்பட்டேன். வீட்டுக்குள் உட்கார்ந்து குடிக்க விடாமல், போகிறவர் வருகிறவர் பார்க்கக் குடிக்க வைக்கிறாளே என்றுதான் எரிச்சல் எரிச்சலாக வந்தது. அவளோடு அன்று கொழுந்து பறித்த பெண்கள் அத்தனை பேரும் சாப்பாட்டுக்கு அந்த வழியாகத்தான் இறங்குவார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.