ரசமட்டம் வைத்த மீன்தொட்டி

கொத்தனாரிடம் போய் மணலைப் பற்றிப் பேசலாமா? வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரம்மா பேசிவிட்டார். "தொட்டியில செடி வைக்கணும்னா அடியில சத்து மண்ணு, அதுக்கு மேல பருமணல் போடுங்க" என்றார். கொத்தனாருக்குச் சுருக்கென்றது. "மணல்லயே பொழப்பு நடத்துறவன்மா நான். எனக்கேவா?" என்று செடிகளை மட்டும் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

தொட்டி அவருடைய அக்காவுடையது. அறுவை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் சேரும்போது தம்பியிடம் ஒப்படைத்திருந்தாள். திரும்பி வருகையில் அடியில் கிடந்த பழைய நீலக் கல்லுக்குப் பதிலாகப் பச்சைச் செடியைப் பார்த்து அவள் அசந்துபோக வேண்டும் என்பது தம்பியின் ஆசை. பூச்சு வேலைக்குச் சலிக்கிற நைஸ் மணலைக் கழுவிக் கொட்டினார். கொட்டியதோடு விட்டாரா? கரண்டியால் தட்டி இறுக்கி, ரசமட்டம் வைத்து, குமிழி நட்டநடுவில் நின்ற பிறகுதான் செடியை நட்டுத் தண்ணீரையும் மீன்களையும் விட்டார். தொழில் புத்தி எங்கே போகும்!

சில நாளில் செடிகள் வேர் அழுகி மிதந்தன. மணலுக்குள்ளிருந்து அழுகின முட்டை நாற்றம். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. அந்த நேரம் பார்த்து அக்காவின் போன்.

"டேய், என் பிள்ளைங்க எப்படிடா இருக்கு?"

"அதுங்களுக்கென்னக்கா, ராஜா மாதிரி இருக்கு" என்று சொல்லிப் போனை வைத்தார். பிள்ளை இல்லாதவள் அவள். இவை செத்துப்போனால் எந்த முகத்தோடு அவள் முன்னால் போய் நிற்பது?

கடைக்கு ஓடினார்.

"தொட்டிக்குத் தளமா போட்டீங்க? வேர் மூச்சு விட வேண்டாமா?" என்று கடைக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "மீனை உடனே வாளிக்கு மாத்தி, காத்து மோட்டாரைப் போடுங்க. இந்த மண்ணையும் பருமணலையும் தட்டாம பரப்புங்க. முன்னாடி தாழ்வா, பின்னாடி உசத்தியா."

"கோணலாவா?"

"கோணலாத்தான்!"

கை கூசியது, ஆனாலும் போட்டு, அழுகிய வேரை நறுக்கிவிட்டுச் செடிகளை மறுபடி நட்டார். தண்ணீர் பழகும்வரை மீன்கள் வாளியிலேயே இருந்தன. ஒரு காலையில் செடியின் நடுவே சின்னத் துளிர். கடைக்காரம்மா தண்ணீரைச் சோதித்து, "இனிமே விடலாம்" என்றதும் வாளியைத் தொட்டிக்குள் மெல்லச் சாய்த்தார். மீன்கள் இறங்கிப்போய்த் துளிரைச் சுற்றின. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா வந்தாள். தொட்டி முன்னால் நாற்காலி போட்டு, மீன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அவள் கண் கீழே போயிற்று.

"ஏன்டா, ஊரார் வீட்டுக்கெல்லாம் மட்டம் பார்த்துப் போடுற. கூடப் பொறந்தவளுக்கு மட்டும் கோணலா?"

"மட்டமாத்தான்க்கா முதல்ல போட்டேன். ரசமட்டம் வச்சு."

"மீன்தொட்டிக்கா?"

தையல் போட்ட இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, "ஐயோ, வலிக்குதுடா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அடக்கிய மூச்சு, கொத்தனாருக்கு அப்போதுதான் வெளியே வந்தது.