மூன்று சிவப்பு டிக்

கோகிலவாணிக்கு பிரெஞ்சு தெரியும் என்று ஊரே நம்பியது. பதினோரு வருஷமாக அவளும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள். கலசப்பாக்கத்துப் பெண். பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்தால் மார்க்கை அள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள், எடுத்தாள், அள்ளினாள். கல்லூரியிலும் அதையே படித்து, மலையடிவாரத்து விடுதிப் பள்ளி ஒன்றில் அதையே சொல்லிக்கொடுக்கவும் வந்துவிட்டாள். ஒரு பிரெஞ்சுக்காரரையும் நேரில் பார்த்ததில்லை. பிள்ளைகளுக்கு வேண்டியது மார்க், பள்ளிக்கு வேண்டியது ரிசல்ட். இதில் பிரெஞ்சுக்காரருக்கு என்ன வேலை?

டிசம்பரில் பதினொன்றாம் வகுப்புக்கு ஒரு புதுப் பாடம் வந்தது. வரப்போகிற ஒரு நாளைக்குள் ஒரு காரியம் முடிந்துபோயிருக்கும் என்று இப்போதே சொல்கிற வினை. ஜோரே பார்லே, த்யு ஓரா பார்லே, இல் ஓரா பார்லே. பேசியிருப்பேன், பேசியிருப்பாய், பேசியிருப்பான். முன்பாதி ஆளுக்கு ஆள் மாறும், பின்பாதி அப்படியே நிற்கும். வகுப்பே ராகம் போட்டுக் கத்தியது. வீட்டுப்பாடமாக, வாரம் ஒரு வினையை ஆறு விதமாக எழுதி, கீழே சொந்தமாக ஒரு வாக்கியமும் எழுத வேண்டும்.

அந்தச் சொந்த வாக்கியத்தை யார் படித்தார்கள் என்று கேட்காதீர்கள். நாற்பத்திரண்டு நோட்டை ஒரே பீரியடில் திருத்துகிறவள் அவள். கண் வினையின் மேல் மட்டும் ஓடும். ஓரே சரியா, ஓரா சரியா, கடைசி எழுத்தின் தலையில் கோடு இருக்கிறதா, அவ்வளவுதான். சிவப்பு பேனாவில் ஒரு டிக், பக்கத்தில் ‘த்ரே பியென்’. அடுத்த நோட்டு. பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை, கைடில் இருப்பதை அப்படியே காப்பியடித்து வைப்பார்கள். பதினோரு வருஷமாக இரண்டு பக்கத்துக்கும் இது வசதியாகவே இருந்தது.

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்தது. பிரியதர்ஷினி மட்டும் வரவில்லை. ஜவ்வாது மலைக்காரப் பெண், பதினாறு வயது, அரசாங்க உதவித்தொகையில் படிப்பவள், வாயே திறக்காதவள். தை எட்டாம் தேதி காலை, அவள் எத்தனை பாடம் பாக்கி வைத்திருக்கிறாள் என்று பார்க்கக் கோகிலவாணி அவள் நோட்டைப் பிரித்தாள். ஒரு நோட்டுதானே என்று, அதிசயமாக, வாக்கியத்தையும் படித்தாள்.

‘பொங்கலுக்குள் அப்பா என் கல்யாணத்தைப் பேசி முடித்திருப்பார்.’ கீழே டிக்.

அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினாள். ‘தை பிறந்ததும் நான் பள்ளியை விட்டிருப்பேன்.’ அதற்கும் டிக். அடுத்த பக்கம்: ‘தை பத்தாம் தேதிக்குள் எனக்குத் தாலி கட்டியிருப்பார்கள். எனக்கு வேண்டாம், மிஸ்.’ அதற்குத்தான் பெரிய டிக். மூன்றுக்கும் பக்கத்தில் ‘த்ரே பியென்’, அவளுடைய அழகான கையெழுத்தில்.

தன் வீட்டில் யாரும் படிக்க முடியாத பாஷையில், படிக்கத் தெரிந்த ஒரே ஆளுக்கு அந்தப் பெண் மூன்று வாரம் எழுதியிருக்கிறது. அந்த ஆளோ எழுத்தின் தலையில் கோடு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இன்னும் இரண்டே நாள். சின்னராஜின், அதாவது அந்தப் பெண்ணின் அப்பாவின், போனை அடித்தாள், கிடைக்கவில்லை. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அடித்து, ஊர், பேர், தேதி எல்லாம் சொன்னாள். அவர்கள் வருவதாகச் சொன்ன பிறகும் மனசு கேட்கவில்லை. நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு மலை பஸ் ஏறினாள்.

வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டாகிவிட்டது. கொட்டிக் கிடந்த புளியை ஒதுக்கி இடம் பண்ணிக்கொண்டிருந்த சின்னராஜ் அவளைக் கண்டதும் பூரித்துப்போனார்.

“டீச்சரம்மா, கண்ணாலத்துக்கா வந்தீங்க? பாப்பா சொல்லிச்சா?”

“சொன்னா. மூணு தடவ சொன்னா,” என்றாள் கோகிலவாணி.

அரைமணி நேரத்தில் குழந்தைகள் நல அதிகாரிகளின் ஜீப் வந்தது. பெண்ணுக்குப் பதினாறு, பையன் தாய்மாமன் மகன், எல்லாம் விசாரித்தார்கள். முதலில் எகிறிய சின்னராஜ், சட்டம் என்ன என்று அவர்கள் எடுத்துச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டார். பதினெட்டு முடியும் வரை கல்யாணப் பேச்சே எடுப்பதில்லை, பெண்ணை நாளைக்கே விடுதியில் விடுவது என்று எழுதி வாங்கினார்கள். பந்தக்காலை அவரே பிடுங்கினார். மனுஷன் பேயறைந்தது போல இருந்தார்.

“வேணான்னு வூட்ல ஒரு வார்த்த சொல்லலியேங்க,” என்று கோகிலவாணியிடம் வந்து நின்றார். “எங்கிட்ட சொல்லாம உங்ககிட்ட இன்னா சொல்லிச்சு?”

அவள் நோட்டைப் பிரித்து மூன்று வாக்கியத்தையும் தமிழில் சொன்னாள். கதவோரம் நின்ற பிரியதர்ஷினி தலை நிமிரவில்லை. சின்னராஜ் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். அந்த எழுத்து அவருக்குப் பிடிபடவில்லை, ஆனால் சிவப்பு மை பிடிபட்டது. மூன்று பக்கத்திலும் அதன் மேலேயே விரலை வைத்து நிறுத்தினார்.

“இது உங்க எழுத்துதானே? அப்பவே பாத்துட்டீங்களா? செவப்புல இன்னா எழுதிக்கிறீங்க?”

மாதக்கணக்கில் வகுப்பில் வாய் திறக்காத பெண்தான் பதில் சொன்னாள்.

“‘ரொம்ப நல்லது’ன்னு எழுதிக்கிறாங்கப்பா.”